பள்ளத்துக்குப் பக்கத்துல எதுக்கு போர்டு?

தை மாதக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி எட்டு மணி. பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பாதான் டூவீலரில் அழைத்துப் போனார். நடுவில் தடுப்பு வைத்து அகலப்படுத்திக்கொண்டிருக்கும் சாலை. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போனது. அதை முந்த அப்பா வலப்பக்கம் ஏறினார். இருட்டுக்குள்ளிருந்து திடீரென ஒரு மண்மேடு!

வண்டி நின்றபோது மண்ணுக்கும் எங்களுக்கும் இரண்டடிதான். 'வலது லேன் மூடப்பட்டுள்ளது' என்ற போர்டு இல்லாமல் இல்லை. அந்த மண்மேட்டின் மேலேயே சாத்தி வைத்திருந்தார்கள்.

"இங்க வந்து சொல்றதுக்கு எதுக்கும்மா போர்டு? அதான் மண்ணே சொல்லிடுதே!" என்றார் அப்பா. குரலில் நடுக்கம் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 கி.மீ வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 22 மீட்டர் கடந்துவிடும். போர்டைப் படித்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு லேன் மாற 5 விநாடி ஆகும் என்று வைத்தால்கூட 110 மீட்டர் போய்விடும். ராத்திரியில், லோடு ஏற்றிய லாரிக்கு இதுவும் போதாது.

இதற்கென்றே இந்திய சாலைக் காங்கிரஸ் 'எஸ்.பி:55' என்ற வழிகாட்டியை வைத்திருக்கிறது. வேலை நடக்கும் இடத்துக்கு வெகுமுன்பே எச்சரிக்கை, பிறகு வண்டிகளைச் சாய்வாக ஒதுக்கும் பகுதி, அடுத்து வேலை நடக்கும் பகுதி, கடைசியாகப் பழைய லேனுக்குத் திரும்பும் பகுதி. மொத்தம் நான்கு கட்டம். பல இடங்களில் முதல் கட்டத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

டெல்டாவில் இது கூடுதல் சிக்கல். 165 கி.மீ நீள விக்கிரவாண்டி - கும்பகோணம் - தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில், சேத்தியாத்தோப்பு - சோழபுரம் இடையிலான 50 கி.மீ பகுதி 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. சாலை அகலமாக ஆக வேகமும் கூடும். ஆனால் அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரம், நெல் மூட்டை லாரி, வைக்கோல் டிராக்டர் எல்லாம் சாலைக்கு வந்தாக வேண்டும். களம் இல்லாத ஊர்களில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. அதுவும் ஒருவகையில் மூடிய லேன்தானே? ஓரத்தில் வைத்த கல்லை ராத்திரியில் அப்படியே விட்டுவிடாதீர்கள், ப்ளீஸ்.

ஓட்டுகிற நமக்கும் பொறுப்பு உண்டு. சாலை காலியாக இருந்தால், போர்டைப் பார்த்ததும் லேன் மாறிவிடுங்கள். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தால், ஜிப் மாட்டுவது போல இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என வழிவிடுங்கள். ஜெர்மனியில் இது சட்டமே. டூவீலரில் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: வலது லேன் மூடினால் லாரி இடப்பக்கம்தான் ஒதுங்கும். அந்த நேரத்தில் அதன் இடப்பக்கம் நுழையாதீர்கள். டிரைவருக்கு உங்களைத் தெரியாமல் போகலாம்.

சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் விதிமுறையைப் பின்பற்றாததால் உயிரோ, கை காலோ போனால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு. ஆனால், அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் எச்சரிக்கை போர்டு இல்லாததைப் பார்த்தால் 1033-க்கு போன் செய்து இடத்தைச் சொல்லுங்கள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா ஒரு மூங்கில் கழியில் வெள்ளை யூரியா சாக்கைக் கட்டி, அந்த மண்மேட்டுக்கு 200 தப்படி முன்னால், சாலையோரம் நட்டுவிட்டு வந்தார். இருட்டியதும் போய்ப் பார்த்தோம். ஹெட்லைட் வெளிச்சம் சாக்கில் பட்டதும் வண்டிகள் மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கின.

ஒரு யூரியா சாக்கால் முடிந்தது, முறையான ஒரு போர்டால் முடியாதா?