நகரத்து முதுமரங்கள்

நகரங்களில் முதிர்ந்த மரங்களை வீழ்த்துங்கால், ஒன்றுக்குப் பத்தாகக் கன்று நடுவோம் என்று ஆறுதல் கூறுவது வழக்கமாயிற்று. கன்று வளர்ந்து நிழல் தரப் பல்லாண்டு செல்லும். அதுகாறும் வழிப்போக்கனின் வெயிலைத் தாங்குவார் யார்? நட்டவற்றுள் பிழைத்தவை எத்துணை என எண்ணிப் பார்ப்பாரும் அரியர்.

மும்பை ஆரேயில் மெட்ரோ இரயில் பணிமனைக்காக மரங்களை வெட்டலாகாதென்ற மனுக்களை, 2019ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் உயர்நீதிமன்றம் தள்ளியது. அன்றிரவே வெட்டத் தொடங்கினர். சட்ட மாணாக்கர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் 2,141 மரங்கள் வீழ்ந்துவிட்டன. முறையிடும் உரிமை எஞ்சியது, மரங்கள் எஞ்சவில்லை.

இருப்புப்பாதையை யாம் வெறுப்பவரல்லேம். அதுவும் மக்கட்கு வேண்டுவதே. ஆயினும், இடித்த கட்டடத்தை மீண்டும் கட்டலாம். வீழ்த்திய முதுமரத்தை எந்த ஆணையும் எழுப்பாது. ஆதலின், அனுமதி கிடைத்த நாளுக்கும் வெட்டும் நாளுக்கும் இடையே பதினைந்து நாளேனும் கழிதல் வேண்டுமெனச் சட்டம் செய்தல் தகும். அடிமரத்தைச் சிமெந்தால் மூடி வேரின் மூச்சை அடைக்கும் வழக்கமும் ஒழிதல் வேண்டும்.

மாணாக்கர் தத்தம் தெருவிலுள்ள மரங்களை எண்ணி எழுதிவைப்பாராக. கணக்கில் இல்லாத மரம் காணாமற்போயின், கேட்பார் எவர்?