விருந்தினர் கையில் ட்ரோன்... தோட்டக்காரர் என்ன செய்ய வேண்டும்?

‘‘கொடைக்கானல் மேல்மலையில் ஒன்றரை ஏக்கரில் பூண்டும் கேரட்டும் போடுகிறோம். தோட்டத்து வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். போன மாதம் தங்கிய இளைஞர்கள் சாயங்காலம் ட்ரோன் பறக்கவிட்டார்கள். சோலையோரம் மேய்ந்துகொண்டிருந்த காட்டுமாடுகள் மிரண்டு ஓடி, பக்கத்துத் தோட்டத்தில் அறுவடைக்கு நின்ற கேரட்டை மிதித்துவிட்டன. அன்றிலிருந்து அந்தத் தோட்டத்து அண்ணன் எங்களோடு பேசுவதில்லை. ‘சின்ன ட்ரோனுக்கு லைசென்ஸ் தேவையில்லை’ என்று அந்தப் பையன்கள் சொன்னது உண்மையா? எங்கள் இடத்தில் பறக்கவிடக் கூடாது என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா?’’

- வாசகி, கொடைக்கானல் வட்டம்.

உரிமை உண்டு. ட்ரோனைக் கிளப்புவதும் இறக்குவதும் வாசகியின் பட்டா நிலத்தில்தான். அங்கே அதை அனுமதிப்பதும் மறுப்பதும் நில உரிமையாளரின் விருப்பம். அறை வாடகை கொடுத்தவருக்குத் தோட்டத்தில் எதையும் செய்யும் உரிமை வந்துவிடாது. அதே நேரம், ‘எங்கள் தோட்டத்துக்கு மேலேதானே, பறக்கவிடுங்கள்’ என்று அனுமதி கொடுக்கும் அதிகாரம் தோட்டக்காரருக்கு முழுமையாக இல்லை. நிலம் அவருடையது. மேலே உள்ள வானத்துக்கு அரசு விதி வைத்திருக்கிறது.

லைசென்ஸ் வேண்டாம் என்பது பாதி உண்மை

மத்திய அரசின் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்தன. அவை ட்ரோன்களை எடையை வைத்துப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை இருந்தால் ‘நானோ’. அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை ‘ஸ்மால்’. அதற்கு மேலும் இரண்டு பிரிவுகள் உண்டு.

நானோ ட்ரோனை இயக்க விமானி சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோ ட்ரோனைச் சொந்த விருப்பத்துக்காகப் பறக்கவிட்டாலும் தேவையில்லை. அந்த இளைஞர்கள் சொன்னது இதைத்தான். ஆனால், சான்றிதழ் தேவையில்லை என்றால் விதியே இல்லை என்று பொருள் அல்ல. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்ற கட்டுப்பாடு 200 கிராம் ட்ரோனுக்கும் உண்டு. சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதற்காக அடுத்தவர் வயலுக்குள் ஓட்ட முடியாது அல்லவா, அதுபோலத்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மைக்ரோ ட்ரோனை வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் சான்றிதழ் கட்டாயம். திருமண ஜோடியைப் படம் எடுப்பது, விளம்பரப் படம் எடுப்பது எல்லாம் வணிகம்தான். தங்கும் அறைகளுக்கு விளம்பரம் செய்ய வீட்டுப் பிள்ளைகளே 2 கிலோவுக்கு உட்பட்ட மைக்ரோ ட்ரோனில் படம் எடுத்தாலும் அதே கணக்குதான். சான்றிதழ் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 10-ம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி முடிக்க வேண்டும்.

வெளிநாட்டு ட்ரோன் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. முழு ட்ரோனாக இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே விலக்கு. வெளிநாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் வந்த ட்ரோனுக்குப் பெரும்பாலும் பதிவு எண் இருக்காது. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

பச்சை, மஞ்சள், சிவப்பு

விமானப் போக்குவரத்துத் துறையின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் நாடு முழுவதும் மூன்று நிறங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சள் பகுதியில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது.

கொடைக்கானலுக்குப் பக்கத்தில் விமான நிலையம் இல்லை. அதனால் எல்லாமே பச்சைதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முக்கியப் பிரமுகர்கள் வரும்போதும், பாதுகாப்புக் காரணங்களுக்காகவும், ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கும் காவல் துறைக்கும் இருக்கிறது. ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை அந்தத் தடை நீடிக்கலாம். நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாகலாம். எனவே, பறக்கவிடும் நாளன்றே வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

மலைக்கு வர எடுக்கும் இ-பாஸைக் காட்டி, ‘அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறோம்’ என்று சொல்கிறவர்களும் இருக்கலாம். இ-பாஸ் வண்டி மலையேறுவதற்கு மட்டும்தான். ட்ரோனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

காட்டுக்குத் தனிச் சட்டம்

வரைபடத்தில் பச்சையாக இருந்தாலும் காட்டுக்கு மேல் ட்ரோனை அனுப்பக் கூடாது. கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடுகளில் பெரும் பகுதி 2013-ல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் நுழைவதற்கும் படம் எடுப்பதற்கும் வனத் துறையின் அனுமதி வேண்டும் என்கிறது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். விலங்குகளைத் தொந்தரவு செய்வதும், விரட்டுவதும் அந்தச் சட்டப்படி குற்றம். தூண் பாறை, குணா குகை, பைன் மரக்காடு, பேரிஜம் ஆகியவை வனத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள இடங்கள். அங்கெல்லாம் ரிமோட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பு வனச்சரக அலுவலகத்தில் கேட்பதுதான் முறை.

வாசகியின் தோட்டம் சோலையை ஒட்டி இருக்கிறது. தோட்டத்திலிருந்து கிளம்பும் ட்ரோன் ஒரு நிமிடத்துக்குள் காட்டு எல்லையைத் தாண்டிவிடும். கிளப்பிய இடம் பட்டா நிலம் என்ற சமாதானம் அப்போது எடுபடாது.

மலையில் 120 மீட்டர் என்பது எங்கிருந்து?

சமவெளியில் வராத ஒரு சிக்கல் மலையில் வரும். ரிமோட் திரையில் தெரியும் உயரம், பெரும்பாலான ட்ரோன்களில், கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்ட உயரம்தான். விதி சொல்வதோ ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து. பாறை முனையில் நின்று 50 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்குக்கு மேல் அனுப்பினால், திரையில் 50 என்றுதான் காட்டும். ஆனால், கீழே தரை 300 மீட்டர் ஆழத்தில் இருந்தால், ட்ரோன் 350 மீட்டர் உயரத்தில் பறக்கிறது. பறக்கவிடுகிறவருக்கே தெரியாமல் விதி மீறப்பட்டுவிடும்.

மேட்டுப் பக்கம் அனுப்பினால் இதற்கு நேர்மாறு. திரையில் 50 மீட்டர் என்று காட்டும்போதே எதிரே தைலமரமும் மின்கம்பியும் வந்துவிடும். பேட்டரி குறைந்தால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும் வசதி இருக்கிறது. திரும்பும் உயரத்தைச் சுற்றியுள்ள மரங்களைவிட அதிகமாக வைக்காவிட்டால் அது நேராக மரத்தில்தான் போய் மோதும். மூடுபனி இறங்கினால் சில நிமிடங்களில் ட்ரோன் கண்ணுக்குத் தெரியாமல் போகும். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

காட்டுமாடு ஏன் மிரண்டது?

மேலிருந்து விடாமல் வரும் இரைச்சல் விலங்குகளுக்குப் பழக்கமில்லாத ஒன்று. காட்டுமாடு பொதுவாக மனிதர்களைக் கண்டால் ஒதுங்கிப்போகிற பிராணி. மிரண்டுவிட்டால் வேலி, வரப்பு எதையும் பார்க்காது. கன்றோடு இருக்கும் மாடு இன்னும் ஆபத்து. அன்று மிதிபட்டது கேரட். அந்த நேரத்தில் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இருந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும். அதிகாலையும் அந்தி நேரமும் காட்டுமாடுகள் மேய்ச்சலுக்கு வெளியே வரும் நேரம். படம் எடுக்க வெளிச்சம் அழகாக இருப்பதும் அதே நேரம்தான். ஆபத்து இரண்டும் சேர்வதில் இருக்கிறது.

பாறை முகடுகளில் மலைத்தேனீக் கூடுகள் இருந்தால் அதற்குப் பக்கத்திலும் ட்ரோன் போகக் கூடாது. கூடு கலைந்தால் கொட்டு வாங்குவது கீழே வேலை செய்கிறவர்கள்தான்.

அக்கம்பக்கத்தார் மானம்

கேமரா வைத்த ட்ரோன் அடுத்த வீட்டு முற்றத்தையும், கிணற்றடியையும், குளியல் மறைப்பையும் பார்க்கும். தனிமையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஊரில் வம்பு வந்தால் விருந்தினர் மறுநாள் வண்டியேறிவிடுவார். அதே ஊரில் இருக்கப்போவது தோட்டக்காரர் குடும்பம்தான்.

தோட்டக்காரர் செய்ய வேண்டியவை

* அறை பதிவு செய்யும்போதே ட்ரோன் கொண்டுவருகிறார்களா என்று கேட்க வேண்டும். வந்தபிறகு சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

* காட்டை ஒட்டிய தோட்டம் என்றால், ‘இங்கே ட்ரோன் பறக்கவிடக் கூடாது’ என்று வாசலிலும் அறையிலும் எழுதி வைத்துவிடுவது நல்லது. தயக்கம் வேண்டாம். காட்டுமாடு வரும் இடம் என்று காரணத்தையும் சேர்த்து எழுதினால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

* காட்டிலிருந்து தள்ளி இருக்கும் தோட்டத்தில் அனுமதிப்பதாக இருந்தால், பதிவு எண், வணிக வேலையானால் விமானி சான்றிதழ், அன்றைய வரைபடம் ஆகியவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும். நானோவைத் தவிர மற்ற ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும்.

* பக்கத்துத் தோட்டத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பகல் 10 மணிக்கு மேல் 3 மணிக்குள் என்று நேரம் வைப்பது நல்லது.

* விபத்து நடந்தால் ட்ரோனை இயக்கியவர் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் பெயர், முகவரி, ட்ரோன் எண் ஆகியவை வீட்டுக்காரரிடம் இருப்பது அவசியம்.

இனி, மிதிபட்ட கேரட். வன விலங்குகளால் பயிர் சேதமானால் வனத் துறையிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். சேதத்தைப் படம் எடுத்து, உடனே வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுப்பது முக்கியம். நாள் ஆக ஆக நிரூபிப்பது கடினம். நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த மனுவுக்கு வாசகியின் குடும்பமே உடன் போய் உதவலாம். அறை வாடகையில் ஒரு பங்கைக் கொடுத்து, ‘எங்கள் வீட்டுக்கு வந்தவர்களால் நடந்தது’ என்று நேரில் சொன்னால், பேச்சு நின்றுபோன வரப்பில் மறுபடி பேச்சு தொடங்கும்.

‘‘குன்னூர் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். மருந்து தெளிக்க வாடகை ட்ரோன் கூப்பிட்டால், பக்கத்துத் தங்கும் விடுதிக்காரர் தடுக்கிறார். அவர் தடுக்கலாமா?’’

- வாசகர், நீலகிரி மாவட்டம்.

விதிப்படி செய்தால் தடுக்க முடியாது. ஆனால், விடுதிக்காரரின் பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 10 லிட்டர் தொட்டி கொண்ட தெளிப்பு ட்ரோன் ‘ஸ்மால்’ பிரிவில் வரும். இயக்குபவருக்கு விமானி சான்றிதழ், ட்ரோனுக்குப் பதிவு எண், காப்பீடு மூன்றும் கட்டாயம். குன்னூரை ஒட்டி வெலிங்டன், அருவங்காடு போன்ற பாதுகாப்புத் துறை இடங்கள் இருப்பதால் வரைபடம் பார்க்காமல் ட்ரோனைக் கிளப்பவே கூடாது.

கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கைகள் தூக்கும் சக்தியும் குறையும். சமவெளியில் தூக்கும் அதே எடையை இங்கே ஏற்றக் கூடாது. தொட்டியைக் குறைத்து நிரப்ப வேண்டும். வெயில் ஏறியதும் காற்று பள்ளத்திலிருந்து சரிவில் மேல் நோக்கி வீசத் தொடங்கும். விடுதி மேட்டில் இருந்தால் மருந்து அங்கேதான் போகும். பனி விலகியதும், காற்று எழும்புவதற்கு முன்பும் தெளித்து முடிக்க வேண்டும். ஓடை, குடிநீர்த் தொட்டி, தேனீப்பெட்டி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் போதிய இடைவெளி விட்டு, அந்த ஓரப் பாத்திகளுக்குக் கைத்தெளிப்பான் பயன்படுத்தலாம். பயன்படுத்தும் மருந்து ட்ரோன் தெளிப்புக்கு அனுமதிக்கப்பட்டதுதானா என்று தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் நாளே விடுதிக்காரரிடம் நேரத்தைச் சொல்லி, அந்த ஒரு மணி நேரம் ஜன்னலை அடைத்து, விருந்தினரை உள்ளே இருக்கச் சொல்லக் கேட்கலாம். விடுதியில் தங்குகிறவர் பறக்கவிடும் ட்ரோன் தோட்டத்துக்கு மேல் வந்தால் தோட்டக்காரர் கேள்வி கேட்பார். தோட்டத்து ட்ரோன் விடுதிக்கு மேல் போனால் விடுதிக்காரரும் கேட்கத்தான் செய்வார். இரண்டு பேருக்கும் விதி ஒன்றுதான்.