விறகுக்கும் கூலி எழுதிய ஊர்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்தது. 950 ஆண்டுப் பழமை உடையது. அந்நாளில் கோயிலோடு சேர்ந்து நடந்த பள்ளி, மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட ‘வீரசோழன்’ மருத்துவமனை ஆகியவற்றின் செலவுக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வைத்தியர் ஒருவர், அறுவை வைத்தியர் ஒருவர் என்பதோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடவில்லை. மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இரண்டு பேர். நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இரண்டு பேர். தண்ணீர் கொண்டுவர ஒருவர். இவர்களுக்கும் ஊதியம் நெல்லாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது.

அடுப்பு எரிவதற்கு முன்னால் ஒருவர் விறகு சுமந்திருக்க வேண்டும், ஒருவர் தண்ணீர் தூக்கியிருக்க வேண்டும் என்பதை அந்தக் கணக்கர்கள் மறக்கவில்லை. இன்று ‘பசுமை சமையல்’ பற்றிப் பேசுகிறவர்கள் பலர் மறப்பது இதைத்தான்.

மிக்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்மியில் அரையுங்கள், விறகடுப்புச் சோற்றின் ருசியே தனி, பாட்டி காலத்துச் சமையலறைக்குத் திரும்புங்கள் என்று அறிவுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. சொல்கிறவர்களின் அக்கறையில் குறை இல்லை. ஆனால் அந்த அம்மியின் முன்னால் உட்காரப்போவது யார், விறகு பொறுக்கப் போவது யார் என்ற கேள்விக்கு அந்த அறிவுரைகளில் பதில் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். அவளுடைய முதுகையும் மூச்சையும் கணக்கில் எடுக்காத எந்த யோசனையையும் பசுமை என்று ஏற்க முடியாது.

திருமுக்கூடல் இருக்கும் உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் எரிவாயு வந்த வீடுகளிலும் விறகடுப்பு முழுதாக அணைந்துவிடவில்லை. காப்பியும் குழம்பும் உள்ளே கேஸ் அடுப்பில். குளிக்க வெந்நீரும் மாட்டுக்குத் தீனியும் கொல்லைப்புற அடுப்பில். சிலிண்டர் தீர்ந்து, அடுத்ததற்குப் பணம் புரட்டும்வரை எல்லாமே கொல்லைப்புறத்துக்குப் போய்விடும். சவுக்கு மிளாறு, சீமைக்கருவேல முள், வறட்டி என்று கிடைப்பது எரியும். ஐப்பசி மழையில் விறகு நனைந்துவிட்டால், ஒரு உலை கொதிப்பதற்குள் ஊதுகுழலை எத்தனை முறை எடுத்து ஊதுவது? கண் எரிந்து, முந்தானையால் துடைத்து, மறுபடி குனிந்து ஊத வேண்டும்.

இந்தப் புகை வெறும் எரிச்சலோடு போவதில்லை. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இந்தியாவில் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்திய வீடுகள் 100க்கு 59தான்.

மிக்சியின் மேல் சுமத்தப்படும் பழியையும் எண்களோடு பார்த்துவிடலாம். 750 வாட் மிக்சி 5 நிமிடம் ஓடினால் ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் பதினாறில் ஒரு பங்கு. தினமும் சட்னி அரைத்தாலும் ஒரு யூனிட் தீர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதே ஒரு யூனிட்டை 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரத்தில் விழுங்கிவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் வீடு முதலில் கை வைக்க வேண்டிய இடம் குளியலறை. 1955இல் கோவையில் பி. சபாபதி உருவாக்கிய மின் கிரைண்டரும், 2011இல் தமிழக அரசு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிய மிக்சியும் கிரைண்டரும் ஆட்டுக்கல்லின் முன் கழிந்த மணிக்கணக்கான நேரத்தைப் பெண்களுக்குத் திருப்பிக் கொடுத்தவை. அந்த நேரத்தைப் பசுமையின் பெயரால் திரும்பப் பிடுங்கக் கூடாது.

அப்படியானால் பழைய முறை எதுவுமே வேண்டாமா? நிச்சயம் வேண்டும், எது, எங்கே என்பதில்தான் தெளிவு தேவை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை எடுத்துக்கொள்வோம். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, சுக்கும் மிளகும் சேர்த்த மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். குடலையும் இலையும் மட்கி மண்ணாகிவிடும். மிக அருமையான முறை. ஆனால் அதற்கென்று ஒரு மடைப்பள்ளியும், அதிலேயே பழகிய கைகளும் இருக்கின்றன. காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய வீட்டில் அது நடக்காது. அந்த வீட்டுக்கு ஏற்ற பசுமை வேறு.

ஒரு இரும்பு தோசைக்கல்லை வாங்கி வந்து, வடித்த கஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் அழுத்தித் தேய்த்துப் பழக்க வேண்டும். முதல் இரண்டு தோசை ஒட்டத்தான் செய்யும். பழகிய பிறகு கறுத்து மினுமினுக்கும் அந்தக் கல், மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்குப் போகும் வரை உழைக்கும். பூச்சு உரிந்தால் குப்பைக்குப் போகும் நான்ஸ்டிக் தவாவுக்கு அந்த ஆயுள் இல்லை. உழைப்பு தொடக்கத்தில் சில நாள் மட்டும். பலன் பல ஆண்டுக்கு.

அரிசியையும் பருப்பையும் அரை மணி ஊறவைப்பதும், பாத்திரத்தை மூடி வேகவைப்பதும் அப்படித்தான். உலை கொதித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. வீணாவது எரிவாயு மட்டுமே. குக்கர் முதல் விசில் அடித்ததும் தீயைக் குறைத்தாலும் பருப்பு வேகத்தான் செய்யும்.

கிராமத்து வீட்டின் பின்வாசலில் நிற்கும் கழுநீர்ப் பானையையும் இங்கே சொல்ல வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் அதில் சேர்ந்து மாட்டுக்குப் போய்விடும். நகரங்கள் குப்பையைத் தரம் பிரிக்க இன்றும் பாடுபடுகின்றன. இங்கே அது கேட்காமலே நடக்கிறது.

அந்த மாட்டிலிருந்தே அடுப்புக்கு எரிபொருளும் கிடைக்கும். ஒரு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ சாணம் போதும். இரண்டு மூன்று மாடு உள்ள வீட்டில் அது கிடைத்துவிடும். புகை இல்லை, வறட்டி தட்டும் வேலை இல்லை, வெளிவரும் சாணக்கரைசல் நெல்வயலுக்கு உரம். நாட்டில் சாண எரிவாயுத் திட்டம் 1981-82இலேயே தொடங்கிவிட்டது. மாடும் வயலும் உள்ள இந்தப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பசுமைத் திட்டம் கிடையாது. பழுதானால் வந்து பார்க்க ஆளும், கட்டும்போது கொடுக்க மானியமும் ஊரளவில் உறுதியானால் விறகடுப்பு தானாக அணையும்.

2023 செப்டம்பர் 15இல், மாதம் 1,000 ரூபாய் வழங்கும் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தமிழக அரசு காஞ்சிபுரத்தில்தான் தொடங்கியது. வீட்டில் பெண் செய்யும் வேலைக்கு மதிப்பு உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. அதே மதிப்பு சமையலறையைப் பற்றிய திட்டங்களிலும் தெரிய வேண்டும்.

ஊர்ச்சபைத் தேர்தலைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டால் பெயர்பெற்ற உத்திரமேரூரின் வட்டாரம் இது. திருமுக்கூடலும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அடுத்த கிராம சபையில் சாண எரிவாயுவை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரலாம். எத்தனை வீட்டில் மாடு இருக்கிறது, எத்தனை வீட்டில் இன்னும் விறகு எரிகிறது என்று முதலில் எண்ணட்டும். அந்தக் கணக்கை எடுக்கும்போது, அடுப்பின் முன்னால் நிற்கும் பெண்களைக் கேட்டு எழுதட்டும்.