சோப்பு டப்பாவா, தும்பிக்கையா?

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் பெண் வீட்டுக்கு வந்தாள். காலேஜில் இரண்டாம் வருஷம். வந்தவள் அத்தையிடம் காபி வேண்டுமா வேண்டாமா என்றுகூடச் சொல்லாமல் நேராக என்னிடம் வந்து, "மாமா, அப்பாவோட பழைய டிஜிட்டல் காமிரா உங்க வீட்டுல இருக்காமே? எனக்கு வேணும்" என்றாள்.

"எது, அந்த சோப்பு டப்பாவா?"

"அதேதான்!"

அவள் கையிலிருந்த போனின் முதுகில் மட்டும் மூன்று லென்ஸ் இருந்தது. அதை வைத்துக்கொண்டு 2008-ல் அவள் அப்பா வாங்கிய 8 மெகாபிக்ஸல் டப்பாவுக்கு அலைகிறாளே என்று விசாரித்தால், இப்போது அதுதான் ஃபேஷனாம். போனில் எடுத்தால் எல்லாம் ரொம்பத் தெளிவாக விழுந்துவிடுகிறதாம். பழைய டப்பாவில் ஃப்ளாஷ் அடித்து, மூஞ்சி வெளுத்து, பின்னால் இருட்டாக வந்தால்தான் 'ஒரு ஃபீல்' இருக்குமாம். இதே காரணத்துக்காக என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து என் மனைவி முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்!

"அதை விடும்மா. பெரிய காமிராவே ஒண்ணு இருக்கு. டி.எஸ்.எல்.ஆர்! எடுத்துக்கோயேன்" என்று பீரோவின் மேல்தட்டைக் காட்டினேன்.

"ஐயோ, வேணாம் மாமா. அதை யார் தூக்கறது?"

சமையலறையிலிருந்து 'களுக்'கென்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பின் வயது எனக்குத் தெரியும். 2009-ல் பிறந்தது.

அந்த வருஷம் என் அப்பாவுக்கு எண்பது. திருக்கடையூரில் சதாபிஷேகம் என்று முடிவானது. அதற்கு நாமே ஒரு நல்ல காமிரா வாங்கி, நாமே படம் எடுப்பது என்று நான் முடிவு செய்தேன். "அங்கேயே போட்டோகிராபர் இருப்பாருங்க" என்றாள் மனைவி. இருக்கட்டுமே. இதில் எனக்கொரு கணக்கு பாக்கி இருந்தது.

எங்கள் வீட்டில் அறுபதுகளிலிருந்தே காமிரா உண்டு. அக்ஃபா க்ளிக் த்ரீ. பரோடாவில் தயாரானது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். ஒவ்வொரு படத்துக்கும் பின்பக்கத்துச் சிவப்பு ஜன்னலில் நம்பர் பார்த்துச் சுற்ற வேண்டும். அப்பா அதை யாரையும் தொட விடமாட்டார். பொங்கலுக்கு நாலு, தீபாவளிக்கு நாலு, மிச்சம் நாலு 'எதுக்கும் இருக்கட்டும்' என்று வைத்திருப்பார். எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, "யாரும் மூச்சு விடாதீங்க!" என்பார். பார்வைக்கு நாங்கள் எல்லோரும் போலீஸ் பிடித்துப்போன கோஷ்டி மாதிரி இருப்போம். ஆனால் எந்தப் படத்திலும் அப்பா இல்லை. எடுக்கிறவர் எப்படிப் படத்தில் இருப்பார்? சில படங்களில் தரையில் அவர் நிழல் மட்டும் விழுந்திருக்கிறது.

அந்தப் பாக்கியைத்தான் தீர்க்கக் கிளம்பினேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு காமிரா நிபுணர் இருந்தார். லெட்ஜர் என்றால் தூங்கிவிடுவார், லென்ஸ் என்றால் எழுந்து உட்காருவார். "ஸார், மெகாபிக்ஸலைப் பார்த்து ஏமாறாதீங்க. சென்ஸார் சைஸைப் பாருங்க" என்று ஆரம்பித்து என் டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு வரைந்தே காட்டினார். சின்ன காமிராவில் படம் விழுகிற சில்லு, சுமார் 6 மில்லிமீட்டருக்கு 4 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. டி.எஸ்.எல்.ஆரில் அது சுமார் 24-க்கு 16. பரப்பளவில் கிட்டத்தட்ட பதினைந்து மடங்கு! "மழையில டம்ளரை வெச்சா எவ்வளவு தண்ணி பிடிக்கும், அண்டாவை வெச்சா எவ்வளவு பிடிக்கும்? வெளிச்சமும் அப்படித்தான் ஸார். கோயில் மண்டபம் இருட்டா இருக்கும். டம்ளர்ல எடுத்தா படம் பூரா மணல் அள்ளிப் போட்ட மாதிரி புள்ளி வரும்."

அப்புறம் அந்தக் கண்ணாடி விவகாரம். டி.எஸ்.எல்.ஆருக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் காட்சியை மேலே அனுப்பி, அங்கிருக்கும் பட்டைக் கண்ணாடி வழியாக நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பித்தானை அமுக்கினால் கண்ணாடி 'டக்'கென்று எழுந்து வழிவிட, வெளிச்சம் சென்ஸாரில் போய் விழுகிறது. அந்த 'டக்' சத்தத்துக்கே பாதிப் பணம் கொடுக்கலாம் என்றார் நிபுணர். சின்னதில் கண்ணாடியும் கிடையாது, சத்தமும் கிடையாது. அமுக்கினால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அதற்குள் பிறந்தநாள் குழந்தை மெழுகுவர்த்தியை அணைத்து, கேக்கும் காலி.

கடைக்கு மனைவியும் வந்தாள். கடைக்காரர் இரண்டையும் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். ஒன்று சோப்பு டப்பா. இன்னொன்று தும்பிக்கையோடு இருந்தது. இந்தப் பெயர்களை அங்கேயே வைத்தவள் அவள்தான். டப்பா எட்டாயிரத்துச் சில்லறை. தும்பிக்கை முப்பதாயிரத்தைத் தொட்டது. பை, கார்டு, சிலிகா ஜெல் பொட்டலம் எல்லாம் தனி.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இதை நீங்க எங்க எங்க தூக்கிட்டுப் போவீங்க?"

"எங்க வேணா!"

"ரேஷன் கடைக்குக் குடையே எடுத்துட்டுப் போக மாட்டீங்க."

மூன்றாம் மனிதர் எதிரில் மனைவி இப்படிச் சொன்ன பிறகு ஆண்பிள்ளை எதை வாங்குவான்? தும்பிக்கைதான்.

திருக்கடையூரில் நான் எடுத்த படம் மொத்தம் 612. ஹோமப் புகையில் எடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூண் மேல் சாய்ந்து எடுத்தேன். அப்பா அம்மா தலையில் கலச நீரை ஊற்றும்போது எடுத்தேன். நிபுணர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அந்த இருட்டிலும் படங்கள் அப்படியொரு துல்லியம். அப்பாவின் புருவத்து முடியை எண்ணலாம்.

ஆனால் 612 படத்திலும் அப்பா மூச்சு விடவில்லை.

தும்பிக்கையை நான் தூக்கினாலே அவர் முதுகு நிமிரும். கை இரண்டும் முழங்காலுக்குப் போகும். கண் விரியும். பாஸ்போர்ட் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி ஆகிவிடுவார். "அப்பா, சும்மா பேசிட்டு இருங்க, நான் எடுத்துக்கறேன்" என்பேன். "சரி, சொல்லிட்டு எடு" என்பார்!

சாயங்காலம் தங்கியிருந்த இடத்துத் திண்ணையில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மிஞ்சிப்போன முறுக்கைக் கடித்துக்கொண்டு, என் மச்சினனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார் அப்பா. நான் உள்ளே காமிராவுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். மச்சினன் எடுத்தது ஏதோ கூட்டப் படம்: திண்ணை, செருப்புகள், நாலு குழந்தைகள், பாதி அத்தை. மூலையில் அப்பா. அதை நான் இரண்டொரு வருஷம் கழித்துத்தான் சரியாகப் பார்த்தேன்.

2012 ஜனவரியில் அப்பா போய்விட்டார். டிஜிட்டல் காமிராவை 1975-லேயே தன் இன்ஜினீயர் ஸ்டீவன் ஸாஸன் செய்து காட்டியும், ஃபிலிமை விட மனசில்லாமல் இருந்த கோடக் கம்பெனி திவால் மனு கொடுத்ததும் அதே மாசம். பேப்பரில் அதைப் படித்தபோது அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்து, அப்புறம் உட்கார்ந்துவிட்டேன்.

மாலை போட ஒரு படம் வேண்டும். கம்ப்யூட்டரில் என் 612-ஐயும் ஓட்டினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நல்லா இருக்கு... நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எந்தப் படத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு மச்சினன் கொடுத்த ஸி.டி.யைப் போட்டபோது, அந்தத் திண்ணைப் படத்தில், "இரு இரு" என்றாள்.

மூலையில் அப்பா. வாயில் முறுக்கு. கண் இரண்டும் இடுங்கி, மேல்வரிசையில் இல்லாத அந்த ஒரு பல் தெரிய, சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுதான்டா உங்கப்பா."

எனக்கு மூக்கு வியர்த்தது. "அம்மா, அது சின்ன காமிராம்மா. ஓரத்துல இருக்கார். பெரிசு பண்ணா வராது. என்னோடதுல பாரு, எவ்வளவு தெளிவா..."

"தெளிவாத்தான் இருக்கு. நீ மூஞ்சியை மறைச்சுக்கிட்டு நின்னா அவர் யாரைப் பார்த்துச் சிரிப்பார்?"

ஆபீஸ் நிபுணர் இந்த ஒரு விஷயத்தை எனக்குச் சொல்லவே இல்லை. டி.எஸ்.எல்.ஆரைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். எதிரிலிருப்பவருக்கு நம் முகம் இருக்காது. கறுப்பாக ஒரு தும்பிக்கைதான் தெரியும். மச்சினன் டப்பாவை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே அமுக்கியிருக்கிறான். அப்பா காமிராவைப் பார்க்கவில்லை. மச்சினனைப் பார்த்திருக்கிறார்.

ஸி.டி.யை எடுத்துக்கொண்டு போட்டோ லேபுக்குப் போனேன். அங்கிருந்த பையன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஒடையும் ஸார்." முழுப்படம் 3,264 புள்ளிக்கு 2,448 புள்ளி. அதில் அப்பாவின் முகம் அகலத்தில் நானூறு புள்ளிகூட இல்லை. அதையும் பொழுது சாயும் வெளிச்சத்தில் டம்ளரில் பிடித்திருக்கிறது! பன்னிரண்டுக்குப் பதினெட்டு இன்ச் சட்டத்தில் போட்டால் முகம் மொசைக் தரையாகிவிடும் என்றான். "இன்னொரு படம் இருந்தா குடுங்களேன். இது... டி.எஸ்.எல்.ஆரா? சூப்பரா இருக்கே ஸார்! இதையே போட்டுடலாம்."

இருபது நிமிஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் முப்பதாயிரம் ரூபாய் அப்பா. ஒரு பக்கம் முறுக்கு அப்பா. கடைசியில் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அது பெரிசு பண்ணா ஒடையுதாம்மா."

"அப்ப சின்னதாவே போடு."

"ஹால்ல மாட்டினா யாருக்கும் தெரியாதும்மா."

"கிட்ட வந்து பார்க்கட்டும்" என்று அம்மா வைத்துவிட்டாள்.

நாலுக்கு ஆறு இன்ச். தபால் கார்டைவிடச் சற்றே பெரிசு. அந்த அளவில் உடையவில்லை. ஹால் சுவரில் மாட்டியது அதுதான். வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்க் குனிந்து பார்த்து, தங்களையறியாமல் கொஞ்சம் சிரித்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் எடுத்த படம் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போனது. ஆறடி உயரத்துக்கும் அசையாமல் நின்றது. சென்ஸார் சென்ஸார்தான், அதைக் குறை சொல்ல முடியாது.

அதற்கப்புறம் தும்பிக்கையை நான் தூக்கியது ஏழெட்டுத் தடவை இருக்கும். நடுவில் லென்ஸுக்குள் பூஞ்சைக்காளான் பூத்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாம் என்று கேட்டால் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கானன், நிக்கான் இரண்டுமே 2020-க்குப் பிறகு புது மாடல் டி.எஸ்.எல்.ஆர். கொண்டுவரவில்லை, கண்ணாடியே இல்லாத 'மிரர்லெஸ்' பக்கம் போய்விட்டார்கள். அந்த 'டக்' சத்தத்துக்கு நான் கொடுத்த பாதிப் பணம் போனது போனதுதான். டப்பாக்களையோ அதற்கு முன்பே செல்போன் விழுங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மச்சினன் போன் வாங்கிய புதிதில் எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போன டப்பாவைத் தேடி எடுத்தேன். அதற்கு இரண்டு பென்டார்ச் செல் வேண்டும். சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்று, அலாரம் டைம்பீஸிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டதும் 'கிர்ர்' என்று மூக்கை நீட்டியது. மச்சினன் பெண் குதித்தாள். வீட்டில் இரண்டு கடிகாரமும் நின்றுபோனதை மனைவி இன்னும் கவனிக்கவில்லை.

"மாமா, முதல் படம் உங்களைத்தான். அந்தத் தாத்தா போட்டோ பக்கத்துல நில்லுங்க."

நின்றேன். வேட்டியைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டேன்.

அவள் டப்பாவைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தாள்.

"மாமா... மூச்சு விடுங்க!"