துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்குது, தோட்டாவுக்கு வழி எங்கே?

 

ஒரு ஏக்கர் மக்காச்சோளம் கதிர் பிடித்து நிற்கும்போது ஒரு பன்னிக் கூட்டம் உள்ளே இறங்கினால் விடியும்போது அங்கே என்ன மிச்சம் இருக்கும் என்று உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. தின்றது கால்வாசி, மிதித்தது முக்கால்வாசி. குச்சிக்கிழங்கு என்றால் கிழங்கோடு மண்ணையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். கடலைக்காய்க் காட்டைப் பார்த்தால் யாரோ கோணல்மாணலாக ஏர் ஓட்டியது போல இருக்கும். மஞ்சளுக்கு விலை இல்லை, கரும்புக்குப் பாக்கி வரவில்லை என்று தெருவில் நிற்கிற நமக்கு இந்தத் தொல்லை தனி. பரண் போட்டு, தகரம் தட்டி, பட்டாசு வெடித்து, சேலையைச் சுற்றி வேலி கட்டி எல்லாம் பார்த்தாச்சு. பன்னி பழகிக்கொள்கிறது. நாம்தான் தூக்கம் கெட்டு நோயாளி ஆகிறோம்.

இந்தத் துண்டறிக்கை பன்னியைப் பற்றியது மட்டும் அல்ல. பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி வைத்திருக்கிற விவசாயிக்குச் சரியான தோட்டா கிடைப்பதில்லை என்பதைப் பற்றியது. "சுடவே அனுமதி இல்லை, தோட்டாவைப் பற்றி எதுக்குய்யா பேச்சு?" என்று சிலர் கேட்கிறார்கள். அனுமதி கேட்டுப் போராடுகிற இந்த நேரத்தில்தான் பேச வேண்டும். தோட்டா இல்லாத அனுமதி வந்தால் அது நமக்கு வைத்த பொறி. எப்படி என்று சொல்கிறேன்.

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். என் அய்யன் காலத்தில் இருந்து எங்கள் வீட்டில் பன்னெண்டு போர் துப்பாக்கி ஒன்று லைசென்சோடு இருக்கிறது. போன தடவை தோட்டா வாங்க லைசென்ஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி நகரத்துக் கடைக்குப் போனேன். எஸ்.ஜி. கேட்டேன். இல்லை. எல்.ஜி.? அதுவும் இல்லை. "ஆறாம் நம்பர் இருக்குது, வேணும்னா வாங்கிட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். ஆறாம் நம்பர் என்பது காடை, கவுதாரிக்கான ரவை. ஒரு ரவை இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும், ஏறக்குறைய கடுகு மாதிரி. எஸ்.ஜி. குண்டு ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல். எல்.ஜி. அதைவிடப் பெரிது, ஒன்பது மில்லிமீட்டர். கடுகையும் சுண்டைக்காயையும் ஒரே விலைக்கு எடை போட்டுக் கொடுக்கிற கதையாக இருக்கிறது. பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் நட்டம். லைசென்ஸ் புத்தகத்தில் "பயிர்ப் பாதுகாப்பு" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்த சர்க்காரே, கவுதாரியா என் சோளத்தைத் தின்கிறது?

இதில் இருக்கிற ஆபத்தை விவரம் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்ல வேண்டும். வளர்ந்த ஆண் பன்னிக்குத் தோள்பட்டையில் தோலுக்கடியில் கேடயம் மாதிரி கெட்டியான திசு இருக்கும். சின்ன ரவை அதில் ஏறாது. பன்னி சாகாது, காயம்பட்டுப் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் தண்ணி கட்டப் போகிறவன்மேல்தான் பாயும். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முந்தி எங்கள் அப்பாரு கெட்டித் துப்பாக்கியில் கைக்குக் கிடைத்த ரவையைப் போட்டு ஒன்றைச் சுட்டார். அது திரும்பி வந்து அவர் தொடையைக் கிழித்தது. சாகும்வரை ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். மிருகத்துக்கும் அது பாவம். மூன்று நாள் புழுத்துச் சாவதைவிடக் கொடுமை வேறு என்ன?

பன்னெண்டு போர் என்றால் என்ன என்று நம்ம ஆட்கள் பலருக்குத் தெரியாது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னெண்டு சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு பெரிசோ, அதுதான் குழலின் வாய் அகலம். அதற்குள் எட்டோ ஒன்பதோ எஸ்.ஜி. குண்டு அடங்கும். குழலை விட்டு வெளியே வந்ததும் அவை விரியும். எங்கள் வரப்பு மண்மேட்டுக்கு முன்னால் பழைய கயிற்றுக் கட்டிலை நிறுத்தி, பேப்பரை ஒட்டிச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து தப்படியில் எல்லாக் குண்டும் ஒரு முறத்துக்குள் விழுந்தது. ஐம்பது தப்படியில் கட்டில்மேலேயே மூன்றுதான். மீதி எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்படிப் போகிற குண்டு பக்கத்துக் காட்டில் காவல் இருக்கிற மாமன்மேல் படாது என்று யார் சொல்வது? அதே துப்பாக்கியில் வேறு வருசத்துத் தோட்டாவைப் போட்டால் குண்டுகள் இடது பக்கம் ஒதுங்கின. ஆக, ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துப்போகிற தோட்டா ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்து, வருசா வருசம் அதையே வாங்கினால்தான் குறி தப்பாது. இருப்பதை வாங்கிப் போ என்றால் குறி எங்கே இருக்கும்?

பழைய தோட்டா இன்னொரு தலைவலி. காகிதக் கூடு ஈரத்தில் ஊதிக்கொண்டு குழலுக்குள் ஏறாது. பழைய காலத்துத் துப்பாக்கி சிலதில் அறை 65 மில்லிமீட்டர்தான். இப்போது வருவது 70 மில்லிமீட்டர் தோட்டா. உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. வெடிக்கும்போது முனை விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். உங்கள் துப்பாக்கியின் அறை அளவு தெரியவில்லை என்றால் தெரிந்தவரிடம் காட்டாமல் புதுத் தோட்டா போடாதீர்கள். இது போராட்ட நோட்டீஸ்தான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

ரைபிள் கேட்போம் என்று இளைஞர்கள் சிலர் சங்கக் கூட்டத்தில் பேசினார்கள். எனக்கு உடன்பாடு இல்லை, தம்பிகளே. ரைபிள் குழலின் உள்ளே மறை வெட்டியிருப்பான், குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும். குறி நல்ல குறிதான். ஆனால் .315 ரைபிள் குண்டு தப்பினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். காட்டுக்குக் காடு ஆள் காவல் இருக்கிற நம்ம ஊரில் அது வேண்டாம். நமக்கு ஏற்றது பன்னெண்டு போரும் சரியான எஸ்.ஜி. தோட்டாவும்தான்.

சட்டம் நமக்கு எதிராக இருக்கிறதா? படித்துப் பாருங்கள். 1959 ஆயுதச் சட்டம் 13-வது பிரிவு, நேர்மையாகப் பயிரைக் காப்பதற்குக் கேட்கிற குடிமகனுக்குக் கெட்டித் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. கெட்டித் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம் என்கிறது. 65 வருசத்துக்கு முந்தியே பார்லிமென்டில் உட்கார்ந்து எழுதினவனுக்குக் கருமருந்தை வாய்வழியாக இடித்துக் கெட்டிக்கிற துப்பாக்கி போதாமல் போகும் என்று தெரிந்திருக்கிறது. இன்றைக்கு ஆபீசில் இருக்கிறவருக்குத் தெரியவில்லை. மனுவை வி.ஏ.ஓ.விடம் இருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடம் இருந்து டேசனுக்கு, அங்கிருந்து ரேஞ்சர் ஆபீசுக்கு என்று பந்தாடுகிறார்கள்.

நமக்கு இன்னொரு சங்கடம் கூடச் சேர்ந்திருக்கிறது. 2024-ல் அந்தியூர், கோபி வட்டக் காடுகளில் 80,000 எக்டேருக்கு மேல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். வனவிலங்குச் சட்டம் 34-வது பிரிவு என்ன சொல்கிறது? சரணாலயத்தில் இருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறவர் துப்பாக்கி உரிமம் வைத்திருந்தால் வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். புது உரிமம் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் சம்மதம் வேண்டும். பன்னி எங்கே அதிகமோ அங்கேதான் உரிமம் கிடைப்பதும் கஷ்டம்!

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்னிக்கு ஒரு வழி அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றில் இருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். வரவேற்றோம். மாலை போட்டவர்களும் உண்டு. ஆனால் நம் அடிவாரக் காட்டை அளந்து பாருங்கள். முதல் மூன்று கிலோமீட்டருக்குள்தானே நம்மில் பாதிப் பேரின் பட்டா இருக்கிறது? அதற்கு அப்பால் இருக்கிறவருக்கும், நடுராத்திரி இரண்டு மணிக்குப் பன்னி இறங்கினால் வனத்துறை எப்போது வந்து சேரும்? அவர்களைத் திட்டவில்லை. இருக்கிற நாலு பேரும் யானையை விரட்டவே ராத்திரியெல்லாம் ஓடுகிறார்கள்.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2022 மே மாதம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். உரிமம் உள்ள துப்பாக்கிக்காரரை வைத்துச் சுடலாம். விஷம், வெடி, கரண்ட் கூடாது என்று கட்டுப்பாடும் போட்டார்கள். அதற்குப் பாதை வனவிலங்குச் சட்டத்தின் 11-வது பிரிவிலேயே இருக்கிறது. நிலத்தில் நிற்கிற பயிருக்கு ஆபத்து என்றால் இரண்டாம் அட்டவணை விலங்கை வேட்டையாட அனுமதி கொடுக்கலாம். காட்டுப்பன்னி அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. கேரளத்தில் முடிந்தது பர்கூர் மலையடியில் ஏன் முடியாது?

அனுமதி வரும்வரை நம் கையால் சுட சட்டத்தில் இடமில்லை. சத்தத்துக்கு வெடித்து விரட்டலாம், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், வேலிக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்! அவுட்டுக்காய் வைக்காதீர்கள்! 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் பன்னிக்கு வைத்த கரண்ட் கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அந்த விவசாயி ஜெயிலுக்குப் போனார். சங்கம் அப்படிப்பட்டவருக்கு வக்கீல் வைக்காது என்று பொதுக்குழுவில் முடிவு செய்துவிட்டோம். கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

தேர்தல் என்றால் துப்பாக்கியை டேசனில் வை என்கிறார்கள். 2024-ல் மார்ச் 16 தேதி நடத்தை விதி வந்தது, ஜூன் 6 அன்றுதான் விலகியது. 80 நாளுக்கு மேல். ஒவ்வொரு உரிமத்தையும் தனியாகப் பரிசீலித்து, யாரிடம் வாங்க வேண்டுமோ அவரிடம் வாங்குங்கள் என்பதுதான் தேர்தல் கமிஷன் சொல்வது. இங்கே ஒட்டுமொத்தமாக ஏட்டு போன் பண்ணி வரச்சொல்கிறார். பன்னிக்குத் தேர்தல் விடுமுறை உண்டா?

"துப்பாக்கியும் தோட்டாவும் கொடுத்தால் காட்டையே காலி பண்ணிவிடுவார்கள்" என்று சில பெரியவர்கள் பட்டணத்தில் இருந்து எழுதுகிறார்கள். அய்யா, திருட்டு வேட்டைக்காரன் லைசென்ஸ் புத்தகத்தில் பதிந்து தோட்டா வாங்குவதில்லை. நாங்கள் வாங்குகிற ஒவ்வொரு தோட்டாவும் கணக்கில் ஏறுகிறது. வெடித்த கூட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுக்கிறோம். செத்த பன்னியை வனக்காவலர் கண்முன்னே புதைக்கச் சொல்லுங்கள், குழியும் நாங்களே வெட்டுகிறோம். கறி எங்களுக்கு வேண்டாம். சோளம்தான் வேண்டும்.

12 போர் தோட்டா செய்வது அயல்நாட்டான் மட்டும் அல்ல. புனே அருகே கட்கியில் இருக்கிற மத்திய அரசுத் தொழிற்சாலையிலேயே செய்கிறார்கள். யூரியா மூட்டை கூட்டுறவு சங்கத்துக்கு வரும்போது, மாவட்டத்துக்கு ஒரு இடத்திலாவது பயிர்ப் பாதுகாப்பு உரிமம் உள்ளவருக்கு மட்டும் எஸ்.ஜி., எல்.ஜி. தோட்டாவைப் புதிதாக, ஒரே ரகமாக, போலீஸ் கண்காணிப்பில் விற்க வைக்க முடியாதா? 2016 ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சி என்று பேசுகிறது. அந்தப் பயிற்சியை மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில் வருசத்துக்கு இரண்டு நாள் வையுங்கள். அவரவர் துப்பாக்கியில் அவரவர் தோட்டாவைப் பேப்பரில் சுட்டுப் பார்த்து, எத்தனை தப்படிக்குமேல் சுடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதற்குமேல் சுடுகிறவன் உரிமத்தைப் பிடுங்குங்கள், நாங்களே கைதட்டுகிறோம். அதற்குப் பிறகு கேரளம் மாதிரி அனுமதியைக் கொடுங்கள். தோட்டாவும் பயிற்சியும் இல்லாமல் வெறும் அனுமதியை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, நாளைக்கு ஒரு ஆள்மேல் குண்டு பட்டால் "பார்த்தீர்களா விவசாயியின் லட்சணத்தை" என்று உத்தரவை வாபஸ் வாங்குகிற நாடகத்துக்கு நாம் ஆளாகக்கூடாது.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஈரோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். லைசென்ஸ் உள்ளவர்கள் புத்தகத்தின் ஜெராக்ஸ், கடைசியாகத் தோட்டா வாங்கிய பில் இரண்டையும் எடுத்து வாருங்கள். கேட்ட நம்பர் இல்லை என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்தால் அதையும் வாங்கி வாருங்கள். துப்பாக்கியைத் தயவுசெய்து வீட்டிலேயே பூட்டி வையுங்கள், ஊர்வலத்துக்குக் கொண்டுவரக்கூடாது! மனு போட்டுப் பதில் வராதவர்கள் மனு ரசீதோடு வரவும். பயிர் சேதத்துக்கு விண்ணப்பம் கொடுத்து நட்டஈடு வராதவர்களுக்கும் அதே வண்டியில் இடம் உண்டு. அந்தியூர் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு வேன் நிற்கும். டீசல் செலவுக்குத் தலைக்கு ஐம்பது ரூபாய், ரசீது தரப்படும். பர்கூரில் இருந்து இறங்குகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்