இறங்கி வருவோரை ஏற்றி வைப்போம்

சேர்வராயன் மலைமீது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் வீற்றிருக்கும் ஏற்காட்டைக் கோடை வாழிடமாகவே நம்மில் பலர் அறிவோம். கல்வியுலகம் அவ்வூரை வேறு வகையிலும் அறியும். 1917ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மான்ட்போர்ட் பள்ளி முதலிய உறைவிடப் பள்ளிகளை நாடித் தொலைவூர்ப் பிள்ளைகள் அம்மலை ஏறுகின்றனர். அம்மலையிலேயே பிறந்த பிள்ளைகள் பலரோ பட்டப்படிப்பை நாடி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திற்கு இறங்குகின்றனர். அவர்களைக் கல்லூரிகள் எவ்வாறு வரவேற்கின்றன என்பதே நம் வினா.

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள். பெயர் அவ்வாறாயினும் அவர்தம் மொழி தமிழே. சிறு நிலமும் காப்பித் தோட்டக் கூலியுமே பல குடும்பங்களின் வாழ்வாதாரம். அக்குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவருக்கு அரசு கைகொடுக்காமல் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-11ஆம் கல்வியாண்டில் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறுவோர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்க, மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டம் 2022லும், மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024லும் தொடங்கப்பெற்றன. இவை போற்றத்தக்கவை. ஆயினும், பணம் மட்டுமா பட்டம் பெற்றுத் தரும்?

படித்தவர் வீட்டுப் பிள்ளை, கல்லூரியின் நடைமுறைகளைச் சோறுண்ணும் வேளையிலேயே கேட்டறிந்துவிடுகிறது. எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லையேல் தேர்வெழுத இயலாது. அகமதிப்பீட்டு மதிப்பெண் கைநழுவினால் மீட்பது அரிது. ‘அரியர்’ ஒன்று விழுந்தால் உடனே எழுதி முடித்துவிட வேண்டும். இவற்றை மலைச்சிற்றூர்ப் பிள்ளைக்கு யார் சொல்வார்? உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினர்க்கு அதனை வழங்கும் அதிகாரம் 1989 நவம்பர் முதல் வட்டாட்சியரிடம் இல்லை, கோட்டாட்சியரிடமே உள்ளது. இதனை அறியாமல் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு அலைந்தே வகுப்பு நாள்கள் கழிகின்றன. போதாக்குறைக்கு, நவம்பர் தொடங்கிக் காப்பிப்பழம் பறிக்கும் காலம். பருவத் தேர்வும் அப்போதுதான். வீட்டிற்கு அவன் கைகள் வேண்டும்; படிப்பிற்கும் வேண்டும். வருகைப் பதிவேட்டில் விழும் சுழியத்தைச் சோம்பல் என்று நாம் எண்ணிவிடுகிறோம்!

நம் சமுதாயத்திற்கு இது புதிய செய்தி அன்று. வாணியம்பாடியில் 1919இல் இசுலாமியாக் கல்லூரியும், சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் 1951இலும் தோன்றியபோது, பட்டதாரியைக் காணாத வீடுகள் நம்மிடையே எண்ணற்றவை. அன்று முதல் தலைமுறையாய் நுழைந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று மருத்துவராகவும் பேராசிரியராகவும் விளங்குகின்றனர். கைதூக்கிவிடப்பட்டவர்கள் கைகொடுக்க மறக்கலாமா?

செய்ய வேண்டியவை பெரும்பொருட் செலவுடையன அல்ல. சேர்க்கையின் முதல் திங்களிலேயே விதிகளை எளிய தமிழில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுப்போம். பத்து மாணவர்க்கு ஓர் ஆசிரியர் எனப் பொறுப்பேற்போம். வருகை குறையத் தொடங்கும் வாரத்திலேயே காரணம் கேட்போம். ஆண்டிறுதியில் தண்டிக்கக் காத்திரோம். சான்றிதழ் பெறும் வழியை மூத்த மாணவர் உடன்சென்று காட்டட்டும். குறை சொல்வதற்கு மட்டுமன்றி, நல்ல மதிப்பெண்ணைச் சொல்வதற்கும் பெற்றோரை அழைப்போம். சமுதாயப் பெரியோர்கள், தேர்வுக் கட்டணத்திற்கும் பேருந்துச் செலவிற்கும் ஒரு சிறு நிதியம் அமைத்துத் தரலாம். அறுவடைக் காலத்தில் இழக்கும் கூலியில் ஒரு பகுதியையேனும் அது ஈடுசெய்யும்.

இதனால் கல்வித்தரம் தாழும் என்பார் உளர். வினாத்தாளை எளிதாக்குமாறு நாம் கேட்கவில்லை. வினாத்தாள் வரை வருவதற்கு வழி சொல்லித்தரவே கேட்கிறோம். மாணவச் செல்வங்களே, நீங்களும் கேட்கத் தயங்காதீர்கள். தெரியாததைக் கேட்பது இழிவன்று.

ஒரு வீட்டின் முதல் பட்டதாரி, தம்பி தங்கையர்க்குச் சோறுண்ணும் வேளையில் வழி சொல்லும் முதல் ஆசான். அவரை இடைவழியில் இழந்தால் ஒரு தலைமுறையையே இழப்போம். கரைசேர்த்தால் அவ்வீட்டிற்கு மறுமுறை நம் துணை வேண்டியிராது.