பக்கட்டில் யாருடைய பேர்?

பாடசாலை வணிகக் கல்வி வகுப்பு, கெம்பஸ் கழகம், தோட்டத்து இளைஞர் மன்றம்னு பல இடங்கள்ல மாணவர் குழுக்கள் சின்னதா வியாபாரம் தொடங்குறாங்க. நல்ல விஷயம். ஆனா ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இப்படி ஒரு குழு கூடினா முதல் வேலை என்ன தெரியுமா? ஒருத்தர் போனை எடுத்து கென்வாவைத் திறப்பார். ரெண்டு இலையும் ஒரு மொட்டும், பின்னால பச்சை மலை, முன்னால கொழுந்துக் கூடையோட சிரிக்கிற ஒரு பெண். என்ன பொருள் விக்கப் போறோம்னு இன்னும் முடிவாகியிருக்காது. லோகோ மட்டும் ரெடி.

இந்த வரிசை தலைகீழா இருக்கு. அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்தப் படம் நம்ம படமே இல்லை.

அது எங்கிருந்து வந்ததுன்னு கொஞ்சம் பார்ப்போம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். லிப்டன் செய்த முக்கியமான வேலை பக்கட் போட்டது. அதுவரைக்கும் பெரும்பாலும் கடைக்காரர் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்துக்கிட்டிருந்த தேயிலையை, நிறை அச்சிட்ட சின்னப் பக்கட்டுகளில் குறைஞ்ச விலைக்குக் கொடுத்தார். வாங்கின தொழிலாளிக் குடும்பத்துக்கு நிறையில ஏமாத்து இல்லை, தரமும் ஒரே மாதிரி. இதுதான் பொருள் வடிவமைப்பு. வாங்குறவருக்கு இருந்த ஒரு உண்மையான தொல்லையை அந்தப் பக்கட் தீர்த்து வச்சது.

அந்தப் பக்கட்டை விக்கிறதுக்கு விளம்பரங்கள் வந்தன. தோட்டத்திலிருந்து நேரா உங்கள் தேநீர்ப் பாத்திரத்துக்குன்னு ஒரு கதை, அதோட கொழுந்து எடுக்கிற பெண்களின் படம். அந்தக் கதையில் பிரட்டுக்களம் இல்லை, லயம் இல்லை, அட்டைக்கடி இல்லை. நூறு வருசத்துக்கு மேல ஆகியும் கடைத் தட்டில் அதே சிரிப்புதான் நிக்குது. ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவாகிறதுக்கு வருசக்கணக்கா போராடி, கடைசியில் 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. படத்தில் இருக்கிற அந்த முகத்துக்குச் சொந்தக்காரிக்கு அந்தப் படத்தால ஒண்ணும் கிடைக்கலை.

இப்ப அதே படத்தை, அந்த அம்மாவின் பிள்ளைகளே, தங்களோட முதல் வியாபாரத்துக்கு எடுத்து ஒட்டினா எப்படி?

"டூரிஸ்ட்டுக்கு அதுதானே பிடிக்கும், அதுதானே விக்கும்"னு ஒரு பதில் வரும். விக்கும்தான். ஆனா அதே படத்தோட கடையில் ஏற்கனவே எத்தனையோ பக்கட் இருக்கு. உங்களுடையதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னொரு பதிலும் வரும்: "அம்மா கொழுந்து எடுக்கிறதைக் காட்ட வெட்கமா?" இது நியாயமான கேள்வி. வெட்கம் இல்லை. அம்மாவோட படம் வேணும்னா தாராளமாப் போடுங்க. அவங்ககிட்ட கேட்டுப் போடுங்க, பேரோட போடுங்க, லாபத்தில் பங்கு கொடுத்துப் போடுங்க. பேரும் பங்கும் இல்லாம முகத்தை மட்டும் எடுத்தா நாமளும் பழைய வேலையைத்தான் செய்யுறோம்.

வேற மாதிரி செஞ்சவங்க இருக்காங்க. குஜராத்தில் 1946இல் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைச்சாங்க. அதிலிருந்து வளர்ந்ததுதான் அமுல். 1966இலிருந்து அதோட விளம்பரத்தில் இருக்கிறது புள்ளிச்சட்டை போட்ட ஒரு குறும்புக்காரச் சிறுமி. பால் கறக்கிற ஏழைப் பெண்ணோட படத்தைக் காட்டி அவங்க வெண்ணெய் விக்கலை. பாலைக் கொடுத்தவங்க அந்தப் பிராண்டுக்குச் சொந்தக்காரங்களா இருந்தாங்க, அது போதுமா இருந்தது. நம்ம நாட்டிலேயே மெரில் ஜே. பெர்னாண்டோ 1985இல் டில்மாவை அவுஸ்திரேலியாவில் அறிமுகப்படுத்தினார். மகன்கள் டில்ஹான், மாலிக் ரெண்டு பேரின் பேரையும் சேர்த்த பேர் அது. தேயிலையை மொத்தமா ஏத்தி அனுப்பிட்டு வேற நாட்டுக்காரன் பக்கட் போட்டு லாபம் எடுக்கிறதை விட, இங்கேயே பக்கட் போட்டு விக்கணும்ங்கறது அவரோட வாதம். ரெண்டு கதையிலும் கவனிக்க வேண்டியது, பேர் யார்கிட்ட இருக்கோ லாபமும் அங்கதான் போய்ச் சேரும்.

அப்ப ஒரு மாணவர் குழு எங்கிருந்து தொடங்கணும்? பொருளிலிருந்து. நுவரெலியா ஈரக்காத்தில் ஒரு தேயிலைப் பக்கட்டைத் திறந்து வச்சுப் பாருங்க. தேயிலை ஈரத்தை உறிஞ்சி மணம் போயிடும். மசாலாப் பொடி கட்டி கட்டியா ஆயிடும். பார்க்க அழகா இருக்குன்னு மெல்லிய பழுப்புக் கடதாசிப் பையில் போட்டா, படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடலாம், ரெண்டு வாரம் கழிச்சு குடிக்க முடியாது. உள்ளே ஈரம் புகாத உறை வேணும், இறுக்கி மூட ஒரு வழி வேணும், ஒரு குடும்பம் சீக்கிரம் முடிக்கக்கூடிய சின்ன அளவு வேணும். லோகோ வரையுறதுக்கு முன்னால பத்து வீட்டுக்கு மாதிரி கொடுத்து, ரெண்டு வாரம் கழிச்சுப் போய்த் திறந்து பாருங்க.

டூரிஸ்ட்டை மட்டும் நினைக்காதீங்க. மழையில் மலை ஏறுறவங்களோட இடுப்புப் படங்கு எவ்வளவு கனம், எங்க உரசுது, எங்கே கிழியுதுன்னு நமக்குத் தெரிஞ்ச மாதிரி எந்த டிசைனருக்கும் தெரியாது. அதை லேசா, தண்ணி நிக்காத மாதிரி தைக்கிறதும் ஒரு மாணவர் வியாபாரம்தான். அதைப் போட்டுப் பார்த்துக் குறை சொல்ல ஆள் நம்ம வீட்டிலேயே இருக்காங்க.

அடுத்தது லேபல். அதில் எழுதுறது உண்மையா இருக்கணும். ஸ்டோரில் வாங்கின தேயிலையைப் பக்கட் போட்டுட்டு "எங்கள் கையால் செய்தது"ன்னு எழுதாதீங்க. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை எல்லாம் நுவரெலியா மாவட்டத்தில் இருந்தாலும், தேயிலைக் கணக்கில் திம்புல பிரதேசம். நுவரெலியாத் தேயிலைங்கறது ஆறாயிரம் அடி உயரத்துல வர்ற வேற ருசி. ஹட்டன் தேயிலைக்கு நுவரெலியா பேர் போட்டா, தெரிஞ்சவங்க ஒரு மிடறில் கண்டுபிடிச்சிடுவாங்க. சிங்க இலச்சினையையும் இஷ்டத்துக்கு ஒட்ட முடியாது. அது இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தம். இலங்கைத் தேயிலை மட்டுமே இருக்கிற, இங்கேயே பொதி செஞ்ச பக்கட்டுக்கு, சபையோட அனுமதி இருந்தால்தான் போடலாம்.

இன்னொரு விஷயத்தில் பலர் குழம்புறாங்க. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பேரைப் பதிஞ்சா பிராண்ட் நம்முடையதாயிடாது. வர்த்தகக் குறி வேற பதிவு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் செய்யணும். அதை யார் பேரில் பதியுறதுன்னு முதலிலேயே பேசி எழுதி வைங்க. படிப்பு முடிஞ்சு ஆளுக்கொரு பக்கம் போனதும், நல்லா ஓடுற பிராண்ட் ஒருத்தர் கையில் நிக்கக் கூடாது.

லேபலில் தமிழ் இருக்கணும்னு தனியாச் சொல்ல வேண்டியிருக்கிறதே கஷ்டமா இருக்கு. அம்மாகிட்ட பக்கட்டைக் கொடுங்க. இது என்ன, எவ்வளவு, எப்போ காலாவதியாகும், யார் செஞ்சதுன்னு யார்கிட்டயும் கேட்காம அவங்க வாசிச்சுச் சொல்லிட்டா லேபல் சரி.

இனி பேர். "ஹில் டாப்", "கிரீன் வெலி"ன்னு தேடிப்போக வேண்டாம். நம்ம தோட்டங்கள் பலதுக்கு ரெண்டு பேர் இருக்கு. தொரைமார் ஸ்கொட்லாந்தையும் இங்கிலாந்தையும் நினைச்சு வச்ச ஒரு பேர், நம்ம ஆட்கள் வாயில வழங்குற இன்னொரு பேர். டிவிசனுக்கும் மலைக்கும்கூட அப்படி உண்டு. அந்தத் தமிழ்ப் பேர்களை பெரிசுகளைக் கேட்டு எழுதுங்க. எந்தக் கொம்பனியும் இன்னும் எடுத்துப் போடாத பேர் அதில் கிடைக்கும், பேருக்குப் பின்னால சொல்ல ஒரு கதையும் இருக்கும்.

பரிதாபத்தை மட்டும் விக்காதீங்க. "தோட்டத்துப் பிள்ளைகள், ஆதரவு தாங்க"ன்னு எழுதினா முதல் பக்கட் போகும். இரக்கப்பட்டு வாங்கினவர் கடமை முடிஞ்சதுன்னு போயிடுவார். ருசி பிடிச்சு வாங்கினவர்தான் ரெண்டாவது பக்கட்டுக்கு வருவார்.

மலையகத்தில் "பேர்"ங்கற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. சொன்ன கிலோ எடுத்தா முழுப் பேர், குறைஞ்சா அரைப் பேர். ஒரு நாள் உழைப்பு செக்ரோலில் விழுறதுக்குத்தான் நம்ம ஆட்கள் பேர்னு சொன்னாங்க. தலைமுறை தலைமுறையா வேற யாரோ நமக்குப் பேர் போட்டாங்க. இப்ப பக்கட்டில் நாமளே பேர் போடப் போறோம். அதை அரைப் பேரா போட்டுடாதீங்க.